விடிய விடிய நடக்கும் கூத்துக்கு யார் காசு கொடுக்கிறார்கள்?

அப்பா இறந்து ஒரு வருஷம் கழித்துப் பரணை ஒழித்தபோது ஒரு நீள நோட்டு கிடைத்தது. பழுப்பேறிய அட்டையில் 'பாரதக் கூத்து வரவு செலவு' என்று அப்பாவின் கையெழுத்து. உள்ளே எங்கள் ஊரின் தலைக்கட்டுகள், அதாவது குடும்பங்கள், வரிசையாக இருந்தன. பெயர், அதற்கு நேரே தொகை, தொகைக்கு நேரே ஒரு டிக். 1987 என்று போட்ட பக்கத்தில் தலைக்கட்டுக்கு 25 ரூபாய். கையில் காசில்லாதவர்களுக்கு நேரே 'நெல் 2 மரக்கால்' என்றும் 'விறகு ஒரு வண்டி' என்றும் இருந்தது. ஒரு பெயருக்கு நேரே தொகையும் இல்லை, டிக்கும் இல்லை. பக்கத்தில் பென்சிலால் 'வேண்டாம், பிள்ளை ஆஸ்பத்திரியில்' என்று எழுதியிருந்தார்.

செய்யாறுக்கும் வந்தவாசிக்கும் நடுவில் இருக்கிறது எங்கள் ஊர். பத்து நாள் திரௌபதி அம்மன் விழா. மதியம் பாரதப் பிரசங்கம், இரவு கூத்து. நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது கூத்து என்பது மழை மாதிரி, அதுவாகவே வரும் என்று நினைத்திருந்தேன். கோயிலுக்கு எதிரே பாயைப் போட்டால் போதும், பத்து மணிக்கு மேல் மிருதங்கம் கேட்கும், முகவீணை என்கிற ஊதுகருவி கேட்கும், இரண்டு பேர் திரையைப் பிடித்துக்கொண்டு வருவார்கள், திரைக்கு மேலே கிரீடம் மட்டும் ஆடும். கூத்து ஆடும் இடத்தைக் களரி என்போம். டிக்கெட் என்ற வார்த்தையே அங்கே கிடையாது. ஆனால் அது இலவசம் இல்லை என்பதற்கு அப்பாவின் நோட்டே சாட்சி. ஊரே முன்கூட்டிக் காசைப் போட்டுவிட்டதால் வாசலில் யாரும் கை நீட்டவில்லை, அவ்வளவுதான்.

நான் கணக்கு எழுதிப் பிழைக்கிறவள். பதினோரு வருஷமாக எங்கள் பக்கத்துக் கூத்துக் குழு ஒன்றுக்கு, ஜமா என்போம், காகித வேலைகளைப் பார்த்துக்கொடுக்கிறேன். உதவித்தொகைக்கு விண்ணப்பம், கலைஞர் நல வாரிய அட்டை, வங்கிக் கணக்கு, தணிக்கைக்குக் கொடுக்க வேண்டிய ரசீதுகள். ஜமாவை நடத்தும் வாத்தியார் என்னைப் பாப்பா என்றுதான் கூப்பிடுவார். எனக்கு நாற்பத்தாறு வயது. இந்தப் பதினோரு வருஷத்தில் எனக்குப் புரிந்ததை எழுதிவைக்க வேண்டும் என்று தோன்றியது. கலைக்கு உதவ வேண்டும் என்று நல்ல மனதோடு வருகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்கள் கொடுக்கும் பணம் பெரும்பாலும் கூத்தின் உருவத்துக்குப் பொருந்துவதில்லை. அதைத்தான் சொல்லப்போகிறேன்.

முதலில் கணக்கு. எங்கள் ஜமா போன வருஷம் ஓர் இரவுக்கு 28,000 ரூபாய் பேசியது. வேன் வாடகை 4,500. கட்டைகள் என்கிற மர அணிகளும் துணிகளும் உள்ள வேஷப் பெட்டிக்கு 2,000. மீதி 21,500-ஐ 14 பேர் பங்கு போட்டால் தலைக்குச் சுமார் 1,500. பெரிய வேஷக்காரருக்குக் கொஞ்சம் கூடுதல், கற்றுக்கொள்ளும் பையனுக்குக் கொஞ்சம் குறைவு. நல்ல வருஷத்தில் நூறு இரவு கிடைக்கும். ஆக, வருஷத்துக்கு ஒன்றரை லட்சம். இதைத் தவிரக் களரியிலேயே கூட்டத்தார் தரும் அன்பளிப்பு வரும். கதையை நடத்திச் செல்லும் கோமாளியான கட்டியக்காரன் நடுவில் நிறுத்தி, இன்னார் வீட்டுப் பிள்ளை அர்ஜுனனுக்கு நூறு ரூபாய் என்று பெயர் சொல்லி அறிவிப்பான். அந்த நூறு ரூபாயில் இருக்கும் உரிமையை நான் மதிக்கிறேன். காசு போட்டவருக்கு ஆட்டம் சரியில்லை என்றால் எழுந்து சொல்லவும் உரிமை உண்டு, சொல்லவும் செய்வார்கள். 'அந்தப் பாட்டை விட்டுட்டியே, திரும்பப் பாடு' என்று ஒரு கிழவர் குரல் கொடுக்க, வாத்தியார் திரும்பப் பாடியதை நானே பார்த்திருக்கிறேன்.

பங்குனியில் தொடங்கும் வேலை ஆடியோடு பெரும்பாலும் முடிந்துவிடும். அதற்குப் பிறகு எங்காவது ஒரு சாவு வீட்டில் காரியத்துக்குக் கர்ண மோட்சம் போடச் சொல்லிக் கூப்பிட்டால் உண்டு. மற்ற நாட்களில் கர்ணன் செங்கல் சூளையில் இருப்பார், திரௌபதி ஆரணியில் தறியில் உட்கார்ந்திருப்பார். வருஷத்தின் பாதி நாள் மண் சுமந்த உடம்பு, மறுபடி பங்குனியில் வந்து எட்டு மணி நேரம் கிர்கி அடித்துச் சுழன்று ஆட வேண்டும். வெளியிலிருந்து வரும் பணம் போய்ச் சேரவேண்டிய இடம் இந்தப் பாதி வருஷம்தான். ஆனால் பணம் அங்கே போவதே இல்லை.

எங்கே போகிறது என்றால், நிகழ்ச்சிக்கு. உதவித்தொகை தருகிற ஒரு நிறுவனம் எங்களிடம் கேட்ட முதல் கேள்வி, 'பயனாளிகள் எத்தனை பேர்?' விண்ணப்பத்தில் அதற்கு ஒரு சிறிய கட்டம். நான் அன்று இரவே ஒரு களரிக்குப் போய் எண்ணினேன். பத்தரை மணிக்கு நானூறு பேர் இருந்தார்கள். பன்னிரண்டு மணிக்குப் பிள்ளைகள் பாதிப் பேர் தூங்கிவிட்டார்கள், அவர்களையும் எண்ணினேன். மூன்று மணிக்கு அறுபது பேர். பெரும்பாலும் வயதானவர்கள், அதிலும் பெண்கள். நாலரைக்கு, துகிலுரிதல் வரப்போகிறது என்று தெரிந்ததும், தூங்கப் போனவர்கள் எல்லாம் முகம் கழுவிக்கொண்டு திரும்பி வந்தார்கள். வாசல் தெளிக்க எழுந்த பெண்கள் வாளியோடு நின்று பார்த்தார்கள். அப்போது ஐந்நூறு இருக்கும். கட்டத்தில் எந்த எண்ணை எழுதுவது? 400 என்று எழுதினேன். ஆனால் அந்தக் கூத்தைத் தாங்கிப் பிடித்தவர்கள் மூன்று மணிக்கு உட்கார்ந்திருந்த அந்த அறுபது பேர் என்று எனக்குத் தெரியும். அவர்களுக்கு வசனம் தெரியும், அடுத்து என்ன ராகம் என்று தெரியும். அவர்கள் விழித்திருக்கிறார்கள் என்பதால்தான் ஆடுகிறவர்களும் அசராமல் ஆடுகிறார்கள்.

அப்புறம் நேரம். ஒரு நகர விழாவில் துகிலுரிதலை நாற்பத்தைந்து நிமிடத்தில் முடித்துக்கொடுக்க முடியுமா என்று கேட்டார்கள். பணம் நல்ல பணம், ஊரில் இரண்டு இரவுக்குக் கிடைப்பதைவிட அதிகம். வாத்தியார் யோசித்துவிட்டுச் சொன்னார்: "முடியும் பாப்பா. ஆனா அம்மன்கிட்ட எப்ப மன்னிப்புக் கேக்கறது?" எங்கள் பக்கம் துச்சாதனன் வேஷம் கட்டியவர் புடவையில் கை வைப்பதற்கு முன்னால் கற்பூரம் ஏற்றி வணங்கி, நான் வேஷக்காரன்தான் தாயே, பாவம் எனக்கு வேண்டாம் என்று கேட்டுக்கொள்வார். பார்க்கிறவர்களும் கற்பூரம் ஏற்றுவார்கள். சில சமயம் யாருக்காவது அருள் வரும். அதற்கெல்லாம் நாற்பத்தைந்து நிமிடத்தில் இடமில்லை. போனோம், ஆடினோம், கைதட்டினார்கள். மன்னிப்பு கேட்பதை மட்டும் வாத்தியார் வேனில் வரும் வழியிலேயே, வேஷம் கட்டுவதற்கு முன்னால், எல்லோரையும் வைத்துச் செய்துவிட்டார்.

நகரத்து விழாக்களைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. 2007-இல் தொடங்கிய சென்னை சங்கமம் நடுவில் நின்று, 2023 பொங்கலுக்குத் திரும்ப வந்தபோது எங்கள் ஆட்கள் தொலைபேசியில் ஒருவரையொருவர் கூப்பிட்டுச் சந்தோஷப்பட்டார்கள். பூங்காவிலும் கடற்கரையிலும், கட்டணம் இல்லாமல், பறையையும் கரகத்தையும் கூத்தையும் நகரத்துப் பிள்ளைகள் பார்க்கிறார்கள் என்றால் அது பெரிய விஷயம். ஆனால் அது சில நாள் வேலை. அந்தச் சில நாளில் ஆடுவதற்கு ஒருவன் மற்ற நாளெல்லாம் உயிரோடும் பயிற்சியோடும் இருக்க வேண்டுமே.

தனியார் பணம் பற்றியும் சொல்ல வேண்டும். 2013 கம்பெனிச் சட்டத்தின் 135-ஆம் பிரிவு வந்தபோது எனக்கு நிறைய நம்பிக்கை இருந்தது. குறிப்பிட்ட அளவுக்கு மேல் லாபமோ விற்றுமுதலோ உள்ள கம்பெனிகள், முந்தைய மூன்று வருஷச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். எதற்கெல்லாம் செலவிடலாம் என்ற ஏழாம் அட்டவணையில் கலையும் பண்பாடும் பாரம்பரியக் கலைகளின் வளர்ச்சியும் தெளிவாகவே இருக்கின்றன. ஆனால் பெரும் பங்கு கல்விக்கும் சுகாதாரத்துக்கும்தான் போகிறது. பள்ளிக்கூடத்துக்குக் கழிப்பறை கட்டுகிற பணத்தைக் கூத்துக்குக் கொடு என்று நான் கேட்க மாட்டேன். என் வருத்தம் வேறு. கலைக்கு என்று ஒதுக்குகிற சின்னப் பங்கையும் ஒரு ஜமாவால் வாங்க முடியாது. ஜமா என்பது பதிவு செய்த அமைப்பு இல்லை. வாத்தியார் ஒருவர், அவருடைய வேஷப் பெட்டி, அவரை நம்பி வரும் பதினான்கு பேர், அவ்வளவுதான். பணம் வாங்க வேண்டுமென்றால் முதலில் டிரஸ்டாகவோ சங்கமாகவோ பதிய வேண்டும். பிறகு வருமான வரித் துறையில் 12ஏ, 80ஜி என்கிற வரிவிலக்குப் பதிவுகள். அவற்றையும் குறிப்பிட்ட வருஷங்களுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். கம்பெனிப் பணம் வாங்கத் தனியாக இன்னொரு பதிவு.

வெளிநாட்டிலிருந்து யாராவது உதவ நினைத்தால் அது இன்னும் உயரமான படி. அமைப்பு தொடங்கி மூன்று வருஷம் ஆகியிருக்க வேண்டும், அந்த மூன்று வருஷத்தில் 15 லட்சம் செலவு செய்திருக்க வேண்டும். வரும் பணம் டெல்லியில் ஒரே ஒரு வங்கிக் கிளை வழியாகத்தான் வரலாம். 2020 திருத்தத்துக்குப் பிறகு அதில் 20 சதவீதத்துக்கு மேல் நிர்வாகத்துக்குச் செலவிடக் கூடாது. மூன்று வருஷத்தில் 15 லட்சம் செலவு செய்யும் அளவுக்குப் பணம் இருந்தால் எங்கள் ஜமா யாரிடமும் போய் நின்றிருக்காது.

நாங்கள் டிரஸ்ட் பதிந்தோம். ஒரு வருஷம் ஓடியது. அந்த ஒரு வருஷத்தில் நான் கூத்து பார்த்தது மூன்றே இரவு.

2020 மார்ச் 24-ஆம் தேதி இரவு ஊரடங்கு அறிவித்தார்கள். பங்குனி மாதம் அது. ஆட்டத்தை உறுதி செய்து, பாக்கு வைத்து, முன்பணம் கொடுத்திருந்த ஊர்கள் பதினேழு. ஒன்றொன்றாகக் கூப்பிட்டார்கள். சில ஊர்க்காரர்கள் முன்பணம் வேண்டாம், வைத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். அந்த ஊர்களின் பெயரை வாத்தியார் இன்றைக்கும் சொல்வார். அந்த நாட்களில்தான் வாரிய அட்டையின் மதிப்பு எங்களுக்கு உறைத்தது. நாட்டுப்புறக் கலைஞர்களுக்கான நல வாரியம் 2007-இலிருந்து இருக்கிறது. எங்கள் பதினான்கு பேரில் பதிந்திருந்தவர்கள் ஐந்து பேர். நிவாரணம் என்று ஏதாவது வந்தால் அந்த ஐந்து பேருக்குத்தான். மற்ற ஒன்பது பேர் ஏன் பதியவில்லை என்று கேட்டுக்கொண்டு வீடு வீடாகப் போனேன். ஒருவருக்கு வயதுச் சான்று இல்லை. ஒருவருக்கு ஆதாரில் ஒரு பெயர், வங்கியில் இன்னொரு பெயர். முகவீணைக்காரர் சொன்னதுதான் மனதில் நிற்கிறது: "நான் கலைஞன்னு யார்கிட்டம்மா சர்ட்டிபிகேட் வாங்கறது? ஊதிக் காட்டட்டுமா?" ஐம்பது வருஷமாக ஊதுகிறார். அவருக்காக மூன்று ஊர்த் தர்மகர்த்தாக்களிடம் கடிதம் வாங்கினோம். இப்போது பதினான்கு பேரிடமும் அட்டை இருக்கிறது.

கலைக்காகக் குரல் கொடுப்பது என்றால் மேடையில் பேசுவது, கையெழுத்து இயக்கம் நடத்துவது என்றுதான் நானும் முன்பு நினைத்திருந்தேன். என் அனுபவத்தில் அதன் பெரும் பகுதி ஜெராக்ஸ் கடையில் நடக்கிறது.

சட்டத்தோடு மோதிய கதையும் ஒன்று உண்டு. 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி வைக்கக் கூடாது. பண்டிகை, கலை நிகழ்ச்சி போன்றவற்றுக்காக வருஷத்தில் 15 நாளுக்கு மிகாமல் நள்ளிரவு பன்னிரண்டு வரை மாநில அரசு தளர்த்தலாம். விதி நல்ல விதிதான். நோயாளி இருக்கும் வீட்டுக்குப் பக்கத்தில் நள்ளிரவில் பாட்டுப் போடுகிறவர்களைத் தடுக்க வேறு வழியில்லை. ஆனால் கூத்து தொடங்குகிற நேரமே இரவு பத்து மணி. எங்கள் பக்கத்து ஊர் ஒன்றில் பன்னிரண்டு மணிக்கு மைக்கை நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். கர்ணன் பாதிப் பாட்டில் நின்றார். ஊர்க்காரர்கள் சத்தம் போடத் தொடங்கினார்கள். வாத்தியார் கையமர்த்திவிட்டு, "கிட்ட வாங்க" என்றார். எல்லோரும் பாயைச் சுருட்டிக்கொண்டு களரியைச் சுற்றி நெருக்கி உட்கார்ந்தார்கள். மைக் இல்லாத காலத்தில் பாடியது போல மேல் ஸ்தாயியில் எடுத்தார். ஆர்மோனியத்தையும் மீறிக்கொண்டு அந்தக் குரல் போனது. அந்த இரவைப் போல ஒரு கூத்தை நான் அதற்குப் பிறகு பார்க்கவில்லை. மறுநாள் அவருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது, நான்கு ஊர் போனது, அந்த நான்கு இரவுக் கூலி பதினான்கு பேருக்கும் போனது.

பாரதக் கூத்துக்கு, ஊர்க் கூட்டத்தின் ஒப்புதலோடு, ஒலியளவைக் கட்டுப்படுத்தி, விடியும்வரை அனுமதிக்க வழி செய்யுங்கள் என்று மனு எழுதியிருக்கிறோம். பெட்டி பெட்டியாக ஸ்பீக்கர் அடுக்க வேண்டாம், களரிக்குள் கேட்டால் போதும்.

கலைக்குக் கொடுக்கும் பணம் கூத்தின் உருவத்துக்குப் பொருந்தினால் என்ன நடக்கும் என்பதற்கு நம்மிடமே உதாரணங்கள் இருக்கின்றன. 1977-இல் ந. முத்துசாமி தொடங்கிய கூத்துப்பட்டறையை எடுத்துக்கொள்ளுங்கள். புரிசை என்ற ஊரின் கூத்து மரபைப் பார்த்து மயங்கியவர் அவர். ஃபோர்டு அறக்கட்டளையின் உதவி கிடைத்த காலத்தில் அங்கே நடிகர்கள் முழுநேரமாகப் பயிற்சி செய்ய முடிந்தது. இந்த நாடகத்தைப் போடு என்று மட்டும் சொல்லாமல், தினமும் வந்து உடம்பையும் குரலையும் பழக்கு என்று சொல்லிச் சோறு போட்ட பணம் அது. பசுபதி போன்ற நடிகர்கள் அங்கிருந்து வந்தார்கள். காஞ்சிபுரத்துப் பக்கம் பெ. ராஜகோபாலும் கூட்டாளிகளும் 1990-இல் கட்டைக்கூத்துச் சங்கம் தொடங்கினார்கள். 2002-இல் குருகுலம் வந்தது. பள்ளிப் படிப்போடு கூத்தும் சொல்லிக்கொடுத்தார்கள், பெண் பிள்ளைகளுக்கும் சேர்த்து. ஆண்களே திரௌபதி வேஷம் கட்டிக்கொண்டிருந்த ஒரு கலையில் ஒரு பெண் கிரீடம் வைத்துக்கொண்டு துரியோதனனாக வந்து நின்றதைப் பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. நான் சிறுமியாக இருந்தபோது அப்படி ஒரு வழி இருந்திருந்தால் கணக்குப் படித்திருப்பேனா என்று தெரியாது.

கர்நாடகத்தில் ஹெக்கோடு என்ற பாக்குத் தோப்பு ஊர் இருக்கிறது. 1949-இல் அங்கே நீநாசம் நாடகக் குழுவை ஆரம்பித்தார்கள். கே.வி. சுப்பண்ணா அதைப் பள்ளியாகவும் அரங்காகவும் வளர்த்தார், 1991-இல் அவருக்கு மகசேசே விருது கிடைத்தது. 1985-இலிருந்து அவர்களுடைய சுற்றுப்பயணக் குழு வருஷா வருஷம் கர்நாடகத்தின் சின்ன ஊர்களுக்கெல்லாம் நாடகத்தைக் கொண்டுபோகிறது. நடிகர்கள் அந்தப் பருவம் முழுவதும் அதே வேலையாக இருக்கிறார்கள். அது ஒரு கிராமத்திலிருந்தே சாத்தியமாகியிருக்கிறது என்பதுதான் எனக்கு முக்கியம்.

இப்போதெல்லாம் யாராவது உதவ வருகிறோம் என்றால் நிகழ்ச்சிக்குப் பணம் வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன். ஊர்க் கூத்துக்கு ஊரே காசு கொடுக்கட்டும். அந்தப் பழக்கம் போய்விட்டால் மூன்று மணிக்கு விழித்திருக்கும் அறுபது பேர் வெறும் பார்வையாளர்கள் ஆகிவிடுவார்கள், ஆடுகிறவனும் அவர்களைப் பார்க்காமல் கேமராவைப் பார்ப்பான். ஊரால் முடியாதது என்று சில இருக்கின்றன. ஆவணியிலிருந்து மாசிவரை வாரம் மூன்று நாள் பயிற்சிக்கு வருகிறவர்களுக்குக் கூலி. முகவீணை கற்றுக்கொள்ள இரண்டு பையன்கள் கிடைத்தால் அவர்களுக்கு உதவித்தொகை, கற்றுக்கொடுக்கும் பெரியவருக்குச் சம்பளம். ராத்திரி வேனில் போகிறவர்களுக்கு விபத்துக் காப்பீடு. இவற்றுக்குக் கொடுங்கள் என்கிறேன். படம் எடுக்க ஒன்றும் இருக்காதே என்று ஒருவர் கவலைப்பட்டார். பங்குனியில் வாருங்கள், எடுக்கலாம் என்றேன். ஒரு மருந்துக் கடைக்காரர் மட்டும் இரண்டு வருஷமாக ஒரு பையனின் பயிற்சிச் செலவை ஏற்றுக்கொண்டிருக்கிறார். பேனர் வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார்.

அப்பாவின் நோட்டைப் பற்றி இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். எவ்வளவு புரட்டிப் பார்த்தாலும் அதில் காலனிக்காரர்களின் பெயர் ஒன்றுகூட இல்லை. அவர்களிடம் வரி வாங்கவில்லை. அதைப் பெருந்தன்மை என்று அந்தக் காலத்தில் சொல்லியிருப்பார்கள். வரி இல்லை என்றால் களரிக்குப் பக்கத்தில் உட்காரும் உரிமையும் இல்லை, விழா எப்போது என்று முடிவு செய்யும் கூட்டத்தில் இடமும் இல்லை. ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு அவர்கள் விடிய விடியப் பார்த்தது எனக்கு நினைவிருக்கிறது. என் வகுப்புத் தோழி ஒருத்தி அங்கே நின்றாள், நான் பாயில் படுத்திருந்தேன். டிக்கெட் இல்லாத கலை எல்லோருக்கும் திறந்திருக்கிறது என்று நான் எழுதிக் கொடுத்த விண்ணப்பங்கள் எத்தனை! அவள் எந்தக் கட்டத்தில் வருவாள்?

எங்கள் ஊரில் இப்போது காலனியிலும் வரி வாங்குகிறோம், எல்லோரும் ஒரே களரியைச் சுற்றி உட்காருகிறோம். அதற்கு நான்கு வருஷப் பேச்சுவார்த்தை தேவைப்பட்டது. சண்டையும் நடந்தது. ஜமா அதில் ஒரு பக்கம் எடுத்தது. எல்லோரும் உட்கார்ந்தால்தான் ஆடுவோம் என்று வாத்தியார் பாக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். பத்து இரவு வேலையை விட்டுக்கொடுத்துச் சொன்னார் அதை. அந்த வருஷம் நஷ்டத்தை யாரும் ஈடு செய்யவில்லை. அதற்கெல்லாம் எந்த விண்ணப்பத்திலும் கட்டம் கிடையாது. மற்ற ஊர்கள் சிலவற்றில் இன்னும் ரோட்டுக்கு அந்தப் பக்கம்தான்.

போன ஞாயிற்றுக்கிழமை கோயில் திண்ணையில் ஊர்க் கூட்டம் நடந்தது. தலைக்கட்டுக்கு 1,500 என்பதை 1,800 ஆக்கலாமா என்று பேச்சு. பெங்களூரிலும் சென்னையிலும் வேலை பார்க்கிற பிள்ளைகள் ஜிபேயில் கூடவே போடுவார்கள், ஊரில் இருக்கிறவர்களுக்கு 1,500-ஏ போதும் என்று முடிவானது. நோட்டு இப்போது என்னிடம்தான் இருக்கிறது. இந்த வருஷம் 312 பெயர் எழுதியிருக்கிறேன். இரண்டு பேருக்கு நேரே பென்சிலால் 'வேண்டாம்' என்று குறித்துவைத்தேன். ஒருவருக்கு டயாலிசிஸ். இன்னொருவர் வீட்டில் ஆறு மாதமாக வேலை இல்லை.

மைக் மனுவுக்கு இன்னும் பதில் வரவில்லை. ஜமாவுக்குப் பாக்கு வைத்தாகிவிட்டது. பங்குனி இருபதாம் தேதி கொடியேற்றம்.